யாரு சொன்னா டீச்சர்

அந்தப் பள்ளியில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவள் 'யாரு சொன்னா டீச்சர்'. யார் எதைச் சொன்னாலும் அவள் வாயிலிருந்து முதலில் விழுவது அந்த இரண்டு வார்த்தைதான்.

"டீச்சர், நாளைக்கு லீவாம்."

"யாரு சொன்னா?"

"டீச்சர், கேன்டீன்ல பழைய டீத்தூளையே காயவச்சு மறுபடி போடறாங்களாம்."

"யாரு சொன்னா? நீ பாத்தியா? பாத்தவன் உங்கிட்ட சொன்னானா? பாத்தவன் சொன்னான்னு இன்னொருத்தன் சொன்னானா?"

கேட்கிற விதத்தில் கனிவு என்பது மருந்துக்கும் இருக்காது. சாலையோரம் நிற்கும் போலீஸ்காரர் லாரியை ஓரங்கட்டி லைசென்ஸ் கேட்பாரே, அந்தத் தொனி. குள்ளமான உருவம், எப்போதும் கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, அலமாரிச் சாவிகள் கோத்த வளையம். அந்தச் சாவிச் சத்தம் தாழ்வாரத்தில் கேட்டாலே பொய் சொல்லிக்கொண்டிருப்பவன் பேச்சை நிறுத்திவிடுவான் என்று சொல்வார்கள். இதையும் யார் சொன்னது என்று அவள் கேட்டிருப்பாள்.

அவள் நூலக ஆசிரியை. நூலகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்பு வேதியியல் சாமான்கள் கிடந்த அறை. நடுமேஜையில் அமிலம் தின்ற வட்டங்கள் இன்னும் இருந்தன. மூலையில் ஒரு பீங்கான் தொட்டி, அதன் குழாய் எவ்வளவு திருகினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். புத்தகங்கள் இரும்பு அலமாரிகளில் பூட்டிக் கிடந்தன. வேறு எந்த ஆசிரியருக்கும் அங்கே வேலை இல்லை, வந்ததும் இல்லை.

கல்வித்துறை ஒரு புதிய பாடத்தை அனுப்பியபோது அது அவள் தலையில் விழுந்ததற்கு அதுதான் காரணம். 'தகவல் அறிவும் சிந்தனைத் திறனும்', ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட், தேர்வு கிடையாது, மார்க் கிடையாது. கணக்கு ஆசிரியை நேரமில்லை என்றார். அறிவியல் ஆசிரியர் முதுகுவலி என்றார். தலைமையாசிரியை சுற்றறிக்கையை மடித்து நூலக மேஜையில் வைத்துவிட்டு, "நீங்கதான் சும்மா இருக்கீங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

அவள் சும்மா இருந்தவள் அல்ல, காத்திருந்தவள். அது யாருக்கும் தெரியவில்லை.

முதல் வகுப்பிலேயே அவள் இரண்டு செய்தித்தாள்களை மேஜைமேல் போட்டாள். இரண்டிலும் ஒரே பஸ் விபத்து. ஒன்றில் டிரைவர் குடித்திருந்தார், இன்னொன்றில் பிரேக் பிடிக்கவில்லை. "எந்த வரி நேர்ல பாத்தவன் சொன்னது, எந்த வரி ஆபீஸ்ல உக்காந்து எழுதினது? கோடு போடு" என்றாள். அடுத்த வாரம் ஒரு பற்பசை விளம்பரம். 'நிபுணர்கள் பரிந்துரைப்பது.' எந்த நிபுணர்? பெயர் உண்டா? அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போயிற்று. தெருச்சண்டையை வேடிக்கை பார்க்கப் பிடிக்கும் அல்லவா, அந்த மாதிரிப் பிடித்தல். யாரையோ மடக்குகிறோம் என்ற ருசி.

ருசி கண்டவர்கள் நூலகத்தோடு நிற்கவில்லை. பூகோள ஆசிரியர் இருபது வருடமாக ஒரு நோட்டிலிருந்து ஜனத்தொகைக் கணக்கை வாசித்துவந்தவர். ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், இது எந்த வருஷத்துக் கணக்கு?" என்று கேட்டுவிட்டாள். அவர் சாக்பீஸும் கையுமாக நேரே நூலகத்துக்கு வந்தார்.

"என் கிளாஸ்ல என்னையே நிறுத்திவச்சுக் கேள்வி கேக்கறாங்க. இதான் நீங்க சொல்லிக்குடுக்கறதா?"

"எந்த வருஷத்துக் கணக்கு சார் அது?"

"அதுவா இப்ப முக்கியம்?"

"அவ அதத்தானே கேட்டா. வேற எத முக்கியம்னு கேக்கச் சொல்றீங்க?"

அவர் சாக்பீஸைத் தொட்டியில் எறிந்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து ஆசிரியர் அறையில் அவள் நுழைந்தால் பேச்சு அறுந்துவிடும். டீ வாங்கப் போகிறவர்கள் அவளை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு சின்ன ஃபிளாஸ்க் வாங்கி, வீட்டிலிருந்தே டீ கொண்டுவந்து, அமிலக்கறை மேஜையில் தனியாகக் குடித்தாள்.

அவளுக்குச் சண்டை புதிதல்ல. பிறந்த வீட்டிலேயே தொடங்கியது அது.

அவளுடைய அப்பா சரக்குக் கிடங்கில் குமாஸ்தா. அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் எதைப் படித்தாலும் அப்படியே ஒப்பிப்பான். வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால் அப்பா அவனை நடுக்கூடத்தில் நிறுத்தி, "சொல்லுடா" என்பார். நாடுகள், தலைநகரங்கள், அரசர்கள் ஆண்ட வருடங்கள் எல்லாம் குழாயைத் திறந்துவிட்டதுபோல் கொட்டும். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஒருமுறை இவள் குறுக்கே புகுந்து, "அண்ணா, அந்த ஊரு எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. வந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு அப்பா இவள் காதைத் திருகியது இரண்டு நாள் வலித்தது. கேள்வி கேட்டவளுக்கு அடி, பதில் தெரியாதவனுக்கு மிட்டாய் என்பதை அவள் அன்றைக்குக் கற்றுக்கொண்டாள். மன்னிக்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த அண்ணன் பிற்பாடு டியூஷன் சென்டர் வைத்தான். டயர் கடைக்கு மேல்மாடி, நீள பெஞ்சுகள், காலையும் மாலையும் கூட்டம். எல்லாப் பாடத்துக்கும் அவனே கைடு எழுதி அச்சடித்து விற்றான். மஞ்சள் அட்டை, மேலே சிவப்பெழுத்து, கீழே அவன் ஃபோன் நம்பர். ஊரில் அவன் பெயரே 'கைடு' என்றாகிவிட்டது. அவன் சென்டரை அவள் கிளிக்கூண்டு என்பாள். அவள் நூலகத்தை அவன் கரப்பான்பூச்சி ஆஸ்டல் என்பான். அப்பா விட்டுப்போன வீட்டில் மாடியில் அவன் குடும்பம், கீழே அவளும் அவள் கணவரும். மாடிப்படி அவளுடைய முன்கூடத்தின் வழியாகத்தான் போகும். தினமும் இரண்டு தடவையாவது ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தே ஆகவேண்டும்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாதவர். இவர்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் மகள் ஒருத்தி இருந்தாள். அவள் பிறந்ததிலிருந்து எல்லாருக்கும் குட்டி. அண்ணி ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஷிப்ட் வேலை. அதனால் குட்டி வளர்ந்ததெல்லாம் கீழ்வீட்டில். பல் முளைத்ததும் இங்கே, பல் விழுந்ததும் இங்கே. அத்தை கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, மாமா மடியில் படுத்துக்கொண்டு அவர் பழைய ஸ்விட்சுகளைக் கழற்றுவதைப் பார்ப்பாள். பெரியவர்கள் சண்டை படியில் நடக்கும்போது அவள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் எங்காவது உட்கார்ந்து நகம் கடிப்பாள். ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது அவளும் அத்தையின் மாணவியானாள்.

அந்த வருடம்தான் பாடத்துக்கு மார்க் வந்தது. இனி நூறு மதிப்பெண், பொதுத்தேர்வு, தேறாவிட்டால் மேல்வகுப்பு இல்லை. அறிவிப்பு வந்த வேகத்தில் அண்ணனின் மஞ்சள் அட்டையும் வந்துவிட்டது. 'சிந்தனைத் திறன்: முழு கைடு. மாதிரி விடைகளுடன். சிந்திக்க வேண்டிய அவசியமே இல்லை!' கடைசி வரியை அவன் பெருமையாகத்தான் போட்டிருந்தான்.

அரையாண்டுத் தேர்வுக்கு அவள் ஒரு படம் கொடுத்தாள். இடிந்து கிடக்கும் பாலம். கீழே, 'நேற்றைய மழையில் இடிந்த பாலம்' என்று ஒரு குறிப்பு. இந்தச் செய்தியை நம்புவாயா, ஏன் என்பது கேள்வி. படத்தை ஒழுங்காகப் பார்த்தால் போதும். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. உடைந்த தளத்தின் விரிசலில் ஒரு மரம் ஆள் உயரத்துக்கு முளைத்து நின்றது. ஒரு ராத்திரி மழையில் எந்த மரம் ஆள் உயரம் வளரும்?

விடைத்தாள்கள் வந்தன. அவள் முதல் தாளைப் படித்தாள். 'நான் மூன்று வேறுபட்ட ஆதாரங்களைச் சரிபார்ப்பேன். ஏனெனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வின்படி, மக்களிடையே பரவும் செய்திகளில் எண்பது சதவீதம் பொய்யானவை.' இரண்டாவது தாளிலும் அதே. மூன்றாவதிலும் அதே, கால்புள்ளி உட்பட. மரத்தை ஒருவரும் பார்க்கவில்லை. ஒரே ஒரு தாளைத் தவிர. அதில் மரம் இருந்தது, காய்ந்த ஆறு இருந்தது, பாலத்தில் படிந்த பாசியின் நிறம்கூட இருந்தது. எண்பது சதவீதம் மட்டும் இல்லை. அது குட்டியின் தாள்.

அவள் குட்டிக்கு முழு மார்க் போட்டாள். மற்ற எல்லாருக்கும் அந்தக் கேள்விக்குப் பூஜ்யம். பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திப் போட்டாள்.

பள்ளி வாசலில் பெற்றோர் கூடிவிட்டார்கள். ஒரு அம்மா விடைத்தாளை முகத்துக்கு நேரே ஆட்டினாள். "ஆதாரத்த சரிபார்ப்பேன்னு எழுதியிருக்கானே, அதுல என்ன தப்பு? உங்க அண்ணன் பொண்ணுக்கு மட்டும் முழு மார்க்கு. நாங்கல்லாம் காதுல பூ சுத்திக்கிட்டு வந்திருக்கோமா?"

"உங்க பையன் படத்தப் பாக்கலம்மா."

"பாடத்த படிச்சான் இல்ல? படத்த எதுக்குப் பாக்கணும்?"

தலைமையாசிரியை அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "மத்த ஸ்கூல்ல எல்லாம் அந்த கைடை வாங்கிக் குடுத்து நூத்துக்கு நூறு பாஸ் காட்டறாங்க. நம்ம ஸ்கூல்லதான் எழுதினவரோட தங்கச்சியே இருக்கீங்க, நம்மதான் கடைசி. எனக்கு என்ன பதில்?"

"மேடம், அது பதில் இல்ல. ஒப்பிக்கறது."

"எனக்கு பாஸ் வேணும் டீச்சர். ஒப்பிச்சு வந்தாலும் சரி, நொண்டிக்கிட்டு வந்தாலும் சரி."

அன்று மாலை அண்ணன் படியேறப் போனவன் பாதியில் நின்றான். அவனுக்கு இரட்டை எரிச்சல். ஊர்ப் பிள்ளைகள் கைடை எழுதிப் பூஜ்யம் வாங்கியது ஒன்று. சொந்த மகள் கைடை எழுதாமல் முழு மார்க் வாங்கியது இன்னொன்று.

"ஏன் ஊரு வயித்தெரிச்சல கொட்டிக்கிற? பசங்களுக்கு மார்க்கு வேணும். உன் தத்துவம் யாருக்கு வேணும்?"

"மரம் முளைச்சு நிக்குது அந்தப் பாலத்துல. கண்ணு இருந்தும் ஒருத்தனும் பாக்கல. உன் கைடுல பாக்கச் சொல்லி இல்ல, அதான் பாக்கல."

"பரீட்சை முடிச்சிட்டு பாலமா கட்டப் போறாங்க?"

"எண்பது சதவீதம்னு எழுதியிருக்கியே, அது எந்த பல்கலைக்கழகம்?"

"ஏதோ ஒண்ணு. எங்கயாவது இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

"பொறந்ததுலேருந்து இதே ரோதனை. அப்பா அன்னைக்கே உன் வாயில ரெண்டு போட்டிருக்கணும்."

"போட்டாரே. காதுல போட்டாரு. உனக்கு மிட்டாய் வாங்கித் தந்தாரு."

உள்ளேயிருந்து கணவர் குரல் கொடுத்தார்: "கொஞ்சம் மெதுவா. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககூட இப்படிக் கத்த மாட்டாங்க." இருவருமே அவரைக் கண்டுகொள்ளவில்லை. படியின் மேல்முனையில் குட்டி நின்றிருந்தாள். அப்பா ஏறி வருவதைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டாள்.

மறுவாரம் அவள் மஞ்சள் அட்டையையே பாடமாக்கினாள். வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து, 'ஒரு பல்கலைக்கழக ஆய்வு' என்ற வரியைக் கொடுத்து, கண்டுபிடியுங்கள் என்றாள். ஒரு குழு கம்ப்யூட்டர் அறையில் தேடியது. ஒரு குழு நகர நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டியது. மூன்றாவது குழு புத்திசாலிக் குழு. அட்டையில் இருந்த நம்பருக்கே ஃபோன் போட்டார்கள். அடுத்த வகுப்பில் எல்லாரும் வந்து சொன்னார்கள்: அப்படி ஓர் ஆய்வு எங்கேயும் கிடைக்கவில்லை. ஃபோன் போட்டவர்கள், "கைடு சார் என்ன சொன்னாருன்னா டீச்சர், 'பரீட்சைல அது எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்க மாட்டாங்க, விட்டுத் தள்ளு'ன்னாரு" என்றதும் வகுப்பே குலுங்கிச் சிரித்தது.

பாடம் அங்கேயே முடிந்துவிட்டது. நல்ல பாடம். ஒரு எண்ணுக்குப் பின்னால் யாருமே இல்லாமல் இருக்கலாம் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்திருந்தார்கள். அவள் அதோடு புத்தகத்தை மூடியிருக்கலாம்.

மூடவில்லை. அவள் கண் மூன்றாவது பெஞ்சுக்குப் போயிற்று. குட்டி தலை குனிந்து கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் சிரித்தபோது சிரிக்காத ஒரே முகம். அண்ணன் கைடு எழுதுவது சாப்பாட்டு மேஜையில்தான், உரக்கப் படித்துக்கொண்டே எழுதுவான் என்பது அவளுக்குத் தெரியும். விடைத்தாளில் அந்த எண் இல்லாததும் நினைவிருந்தது. இந்தப் பெண்ணுக்கு ஏதோ தெரியும். அதை இந்த இடத்தில், இத்தனை பேர் முன்னால் வெளியே இழுத்தால் மாடியில் இருப்பவன் முகம் எப்படிப் போகும் என்பதும் அந்தக் கணத்திலேயே அவள் மனக்கண்ணில் வந்துவிட்டது.

"மூணாவது பெஞ்சு. எழுந்திரு."

குட்டி எழுந்தாள்.

"உங்க வீட்ல எழுதின புத்தகம்தானே இது? எண்பதுன்னு யாரு சொன்னா?"

"தெரியல டீச்சர்."

"தெரியலையா, சொல்ல மாட்டியா?"

குட்டி மறுபடி நகத்தை வாயில் வைத்தாள். தொட்டியில் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளைகள் திரும்பி உட்கார்ந்துகொண்டு பார்த்தார்கள்.

"உன்னைத்தான் கேக்கறேன். யாரு சொன்னா?"

"நான்தான்."

"என்ன நான்தான்?"

"நான்தான் சொன்னேன்." குட்டி பெஞ்சைப் பார்த்தபடியே பேசினாள். "அப்பா எழுதிக்கிட்டிருந்தாரு. எழுபது போடலாமா எண்பது போடலாமான்னு கேட்டாரு. எழுபதுன்னா கம்மியா தெரியும், எண்பதே போடுங்கன்னு நான் சொன்னேன். சாப்பிட்டுக்கிட்டே சொன்னேன்."

அந்த அறையில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு சிரிப்பு எழுந்ததில்லை. மேஜையைத் தட்டினார்கள், பெஞ்சில் புரண்டார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். குட்டி நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

உள்ளதைச் சொல்வதானால், அந்த நிமிடத்தில் டீச்சருக்கு வந்தது சந்தோஷம். நடுக்கூடத்தில் நின்று ஒப்பித்தவனைப் பார்த்து எல்லாரும் கடைசியில் சிரிக்கிறார்கள் என்ற சந்தோஷம். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது உறைக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்தபோது மணி அடித்துவிட்டது.

அன்று மாலைக்குள் குட்டிக்குப் பள்ளியில் ஒரு பெயர் வந்துவிட்டது. 'எண்பது.' தாழ்வாரத்தில் எண்பது, கழிப்பறை வாசலில் எண்பது. பஸ்ஸில் யாரோ டிக்கெட் எவ்வளவு என்று கேட்டால், "எண்பதே போடுங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். டயர் கடை மாடிக்கும் அது போய்ச் சேர்ந்தது. அண்ணன் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது பெஞ்சுக்கடியிலிருந்து ஒருவன், "சார், எழுபதா எண்பதா?" என்று கேட்டான்.

அண்ணன் கீழே இறங்கி வந்தபோது கத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"எங்கிட்ட கேக்க வேண்டியத எங்கிட்ட கேட்டிருக்கணும்."

"கேட்டேன். எங்கயாவது இருக்கும்னு சொன்ன."

"என் பொண்ண வச்சு என்னை அடிச்சிட்ட. சரி. இனிமே உனக்கு மேல் வீட்ல யாரும் இல்ல. எனக்குக் கீழ் வீட்ல யாரும் இல்ல."

"பொய்ய எழுதினவன் நீ. அசிங்கப்பட்டது மட்டும் என்னாலயா?"

அவன் ஏறிப் போனான். கொஞ்ச நேரத்தில் அண்ணி வந்தாள். ஷிப்ட் முடிந்து வந்தவள் வெள்ளை உடையைக்கூட மாற்றியிருக்கவில்லை. நாத்தனாரிடம் அவள் ஒரு நாளும் குரல் உயர்த்தியவள் அல்ல.

"அவரு அவளை அடிக்கல. அடிச்சிருந்தாலும் ஆறியிருக்கும். பேசவே மாட்டேங்கறாரு. சாப்பாட்டு மேஜையில தட்ட எடுத்துக்கிட்டு எழுந்து போயிடறாரு. அவ, 'நான் எதுக்கு வாயத் தொறந்தேன்'னு தலையில அடிச்சுக்கறா." அண்ணி மூச்சு வாங்கினாள். "உங்க ரெண்டு பேருக்கும் சண்ட போட இந்த வீடு போதலையா? படி போதலையா? என் பொண்ணுதான் கெடச்சாளா?"

பதிலுக்கு நிற்காமல் அண்ணி திரும்பிப் போய்விட்டாள்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நீ அவள எழுப்பி நிக்கவச்சது பாடத்துக்கா, உங்கண்ணனுக்கா?"

"சாப்பாடு ஆறுது, சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். அவள் சாப்பிடவில்லை.

அண்ணன் எழுத்துமூலம் புகார் கொடுத்தான். வகுப்பில் மாணவியை அவமானப்படுத்தியதாக எழுதியிருந்தான். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. தலைமையாசிரியைக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைத்திருக்காது. பாடம் அவளிடமிருந்து பிடுங்கப்பட்டு விளையாட்டு ஆசிரியரிடம் போயிற்று. அவர் மைதானத்து மரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்து, மஞ்சள் கைடை உரக்க வாசிக்கச் செய்து, விசில் ஊதி முடித்துவிடுவார். பூகோள ஆசிரியர் அன்று டீ வாங்கிவரப் போனவரிடம், "நூலகத்துக்கும் ஒண்ணு சொல்லுங்க, பாவம்" என்றாராம். அந்த டீயை அவள் தொட்டியில் ஊற்றினாள்.

கைடின் புதிய பதிப்பு வந்தது. அவள் கடைக்குப் போய் ஒன்று வாங்கிப் புரட்டினாள். அந்த வரியை அண்ணன் திருத்தியிருந்தான். 'பல ஆய்வுகளின்படி, மக்களிடையே பரவும் செய்திகளில் பெரும்பாலானவை பொய்யானவை.' எண் போய்விட்டது. இனி யாராலும் பிடிக்க முடியாது. அவளைவிட வேகமாகப் பாடம் கற்றுக்கொண்டவன் அவன்தான் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பொதுத்தேர்வில் பள்ளி முழுதும் தேறியது. தலைமையாசிரியைக்குப் பாராட்டுக் கடிதம் வந்து, கண்ணாடிச் சட்டத்தில் ஏறியது.

குட்டியை வேறு பள்ளியில் சேர்த்தார்கள். அண்ணன் வெல்டரைக் கூப்பிட்டு வீட்டுக்கு வெளியே ஓர் இரும்புப் படி வைத்துக்கொண்டான். முன்கூடத்துக்குள் வந்து திறக்கும் பழைய படி வாசல் செங்கல் வைத்து அடைக்கப்பட்டது. பூசின சிமெண்ட் காயும்வரை அவள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த ஈரத்தைப் பார்த்தாள். பிறகு கணவர் அதன்மேல் சுண்ணாம்பு அடித்தார். அடித்துவிட்டு, "நல்லாத்தான் கட்டியிருக்கான்" என்றார்.

நூலகத்தில் அவள் வேலை தொடர்ந்தது. புத்தகம் கொடுப்பது, வாங்குவது, அலமாரியைப் பூட்டுவது. யாராவது ஏதாவது சொன்னால் இப்போதும் கேட்பாள். ஆனால் கேட்டுவிட்டு, எதிரே நிற்கிற பிள்ளையின் முகத்தை ஒரு நிமிடம் பார்ப்பாள். சில சமயம், "சரி, போ" என்று விட்டுவிடுவாள். டீச்சர் சூடு தணிந்துவிட்டார் என்று ஆசிரியர்கள் பேசிக்கொண்டார்கள். வயதாகிறது என்றார்கள்.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மாடிக் கொடியிலிருந்து ஒரு பள்ளிச் சீருடை காற்றில் பறந்து வந்து அவள் பக்கத்தில் விழுந்தது. அவள் அதை எடுத்து உதறினாள். வேறு பள்ளியின் நிறம். இரும்புப் படியில் காலடிச் சத்தம். குட்டி இறங்கி வந்தாள். வளர்ந்திருந்தாள், அத்தையைவிட உயரம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இவ்வளவு கிட்டத்தில்.

அத்தை துணியை நீட்டினாள். குட்டி வாங்கவில்லை.

"அத்தை, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னைக்கு கிளாஸ்ல, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சுதானே என்னை எழுப்பினீங்க?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். வகுப்பில் எல்லாரையும் கேட்பதுபோல்தான் கேட்டேன் என்று சொல்லலாம். நம்புவதற்கு அந்தப் பெண் தயாராகத்தான் நின்றிருந்தாள், அது முகத்தில் தெரிந்தது. ஒருவேளை அதற்காகத்தான் இறங்கி வந்திருந்தாளோ என்னவோ.

"ஆமா," என்றாள் அத்தை. "தெரிஞ்சுதான் கேட்டேன்."

"அப்பா அசிங்கப்படணும்னு."

"ஆமா."

"நான் அழுவேன்னு தெரியுமா?"

"அத யோசிக்கல."

குட்டி தலையாட்டினாள். கணக்கு சரியாக வந்தால் ஆட்டுவதுபோல. கையை நீட்டித் துணியை வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது விரல் படாமல் நுனியைப் பிடித்து வாங்கினாள்.

"இத அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள். அத்தை முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும், உடனே சேர்த்துச் சொன்னாள்: "உங்களுக்காக இல்ல. நீங்களே ஒத்துக்கிட்டீங்கன்னு சொன்னா அவரு சந்தோஷப்படுவாரு. அந்தச் சந்தோஷமும் அவருக்கு வேணாம்."

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் இரும்புப் படியில் ஏறிப் போனாள். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அத்தை வாளியில் மீதியிருந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டாள்.